ஹடப்சரிலிருந்து கணேஷ்கிந்த் வரை ஒரு பஸ் பயணம்

இந்த ஆண்டுப் பொங்கல் விழா முடிந்து, சங்க வாசலில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக் கொண்டிருந்தோம். மகர்பட்டா பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"மாமா, பையன் எட்டாவது முடிக்கப் போறான். எந்த கிளாஸ்ல சேர்த்தா இன்ஜினியரிங் சீட் நிச்சயம்னு உங்களுக்குத் தெரியுமாமே, எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். ஒரு காலத்தில் நான் அந்த விஷயத்தில் நடமாடும் விளம்பரப் பலகையாக இருந்தவன். எந்த கிளாஸில் எத்தனை பேர் தேறினார்கள், எங்கே மாதிரித் தேர்வு அதிகம், எங்கே தவணையில் கட்டணம் கட்டலாம் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. அவருக்கு நான் சொன்ன பதில் வேறு. "அம்மா, பிப்ரவரி 28ந் தேதி பையனை எங்களோடு பஸ்ஸில் அனுப்புங்கள். கிளாஸைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இந்தக் கட்டுரை அவருக்கும், அவரைப் போல் கேட்கும் மற்ற பெற்றோருக்கும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கோவில்பட்டியில் பாலிடெக்னிக் முடித்து, 1987ல் ஹடப்சருக்கு வேலைக்கு வந்தேன். ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 32 வருஷம். அந்த நாளில் காடிதள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டினால் கரும்புக் கொல்லையும் காய்கறித் தோட்டமும்தான். இன்று மகர்பட்டா என்றால் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். அது விவசாயிகள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துத் தாங்களே எழுப்பிய நகரம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. நம் ஹடப்சரில்தான் 1966ல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிட்யூட்டும் இருக்கிறது. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போகும் இடம். அதன் மதில் சுவரை உரசிக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸில் போகும் நம் பிள்ளைகளிடம் "உள்ளே என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஊசி" என்பார்கள். அதற்கு மேல் தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவில்லை.

நிற்க. காட்டுகிற இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. புனே பல்கலைக்கழக வளாகத்தில், கணேஷ்கிந்தில், ஆயுகா என்று எல்லோரும் அழைக்கும் வானியல் மையம். நாட்டில் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ஆராய்ச்சிக்கூடமாக, 1988ல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்தது. அதன் முதல் இயக்குநர் ஜயந்த் நார்லீகர். 2003 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கேம்பிரிட்ஜில் படித்துப் பெரும் பெயர் பெற்றவர். மராத்தியில் விஞ்ஞானக் கதைகளும் எழுதினார். 2025 மே 20ந் தேதி புனேயில் காலமானார். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டோகிராப் கேட்டு நீட்டினால், "ஒரு கேள்வியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு, பதில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன்" என்பாராம். ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் ஒரு கேள்வி யோசிக்க வேண்டும். நல்ல பண்டமாற்று!

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பள்ளி மாணவர்களுக்கென்று அங்கே விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்துவது நெடுநாள் வழக்கம். நடக்கும் அரங்கத்தின் பெயரைக் கேட்டால் நமக்கு ஒரு கர்வம் வரும்: சந்திரசேகர் அரங்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930ல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கடல் பயணத்திலேயே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்ட சுப்ரமணியன் சந்திரசேகர்தான் அவர். அந்தக் கணக்குக்கு நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. பிப்ரவரி 28ம் நம் சொத்துத்தான். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928ல் தம் பெயரால் விளங்கும் விளைவைக் கண்டறிந்த நாள். 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று ஆயுகா பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைக்கும். ராமன் சந்திரசேகருக்குச் சிற்றப்பா என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நான் முதலில் போனது 2008ல். என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மகளையும் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மாவை ஏன் என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து வந்திருந்தார்கள், வீட்டில் தனியாக விட மனமில்லை. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, பல்கலைக்கழக வாசலில் இறங்கினோம்.

உள்ளே முற்றத்தில் நான்கு சிலைகள். ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன். அம்மா ஆரியபட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கட்டிடத்துக்குள் நீளக் கம்பியில் ஒரு கனத்த குண்டு தொங்கி, நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. பூக்கோ ஊசல் என்று பெயர். பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்கும்படி 1851ல் பாரிஸில் பூக்கோ என்பவர் செய்து காட்டிய ஏற்பாடு. ஆயுகாவின் மாணவர் ஒருவர் மராத்தியிலும் ஹிந்தியிலுமாக விளக்கினார். குண்டு ஒரே திசையில்தான் ஆடுகிறது, அதன் கீழே தரை திரும்புகிறது, அதனால் ஆட்டத்தின் கோடு மெதுவாக நகர்வதுபோல் நமக்குத் தெரிகிறது என்று.

அம்மாவுக்கு மொழி புரியவில்லை. மகள் தமிழில் சொன்னாள். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம ஊர்ல தொங்கவிட்டாலும் இப்பிடித்தான் திரும்புமாட்டி?" என்றார்கள். மகள் அதை ஹிந்தியில் அந்த மாணவரிடம் கேட்டாள். அவர் மலர்ந்துவிட்டார். காலையிலிருந்து அவரிடம் வந்த கேள்விகளில் பாதி கழிப்பறை எங்கே என்பதாக இருந்திருக்க வேண்டும்! ஒரு காகிதத்தை எடுத்து, எங்கள் ஊரின் அட்சரேகையைக் கேட்டு, கணக்குப் போட்டுக் காட்டினார். துருவத்தில் என்றால் அந்தக் கோடு ஒரு நாளில் முழுச் சுற்று வந்துவிடும். பூமத்திய ரேகையில் திரும்பவே திரும்பாது. புனேயில் முழுச் சுற்றுக்குச் சுமார் 75 மணி நேரம், அதாவது மூன்று நாளுக்குக் கொஞ்சம் மேல். கோவில்பட்டியில் 150 மணி, ஆறு நாளுக்கும் அதிகம். "நம்ம ஊர்ல எல்லாமே மெள்ளத்தான்" என்று அம்மா சொன்னதை மகள் மொழிபெயர்க்க, அங்கே ஒரே சிரிப்பு.

நாலாவது வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாயார் கேட்ட கேள்விக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் பத்து நிமிஷம் நின்று பதில் சொன்னார் என்பதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் அந்த நாளில் நடந்ததிலேயே அதுதான் பெரிய காரியம்.

அதே வளாகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு கட்டிடம். பெயர் புலஸ்த்ய. மராத்தியர் மாய்ந்து மாய்ந்து கொண்டாடும் நகைச்சுவை எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பெயரால் அமைந்த அறக்கட்டளையின் நன்கொடையில் கட்டியது. சப்தரிஷி மண்டலத்தில் புலஸ்தியர் ஒரு நட்சத்திரம், அதில் 'புல' என்ற எழுத்துக்களும் அடக்கம். (புலஸ்தியர் இராவணனுக்குப் பாட்டனார் என்று நான் சொல்லப் போய், மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) உள்ளே நடக்கும் கூடத்துக்கு முக்தாங்கண் விஞ்ஞானக்கூடம் என்று பெயர். திறந்த முற்றம் என்று பொருள். அங்கே 2003லிருந்து 2014 வரை பணிபுரிந்தவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இன்ஜினியரிங் படித்து, புனேயில் டெல்கோவில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கிளம்பிய மனிதர். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய செய்தித்தாள், உறிஞ்சு குழல், இவைதான் அவருடைய ஆய்வுக்கூடம். 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் செய்த பொம்மைகளின் படங்கள் பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

டூல் ரூம்காரனுக்கு அந்தக் கூடத்தில் கால் நகரவில்லை. அங்கே செய்து காட்டிய ஒரு மோட்டாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். ஒரு டார்ச் பாட்டரி. அதன் இரு முனையிலும் ரப்பர் பட்டையால் இறுக்கிய இரண்டு ஊக்கு. மேலே ஒட்டிய ஒரு சின்னக் காந்தம். எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி வளையமாக்கி, அதன் இரு நுனிகளையும் ஊக்குகளின் துளையில் செருகிவிட வேண்டும். லேசாகத் தட்டினால் சுழல ஆரம்பித்துவிடும். சூட்சுமம் எனாமலைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு நுனியில் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மறு நுனியில் பாதி மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால், காந்தம் வளையத்தை அரைச் சுற்றுத் தள்ளிவிட்டு அடுத்த அரைச் சுற்றில் பின்னுக்கு இழுக்கும். வளையம் தொட்டில்போல் ஆடுமே தவிரச் சுற்றாது. பாதி எனாமல் மிச்சமிருந்தால் அந்த அரைச் சுற்றில் மின்சாரம் நின்றுவிடும், வளையம் போன வேகத்திலேயே போய்விடும்.

இந்த மோட்டாரோடு ஒரு பையன் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2010ல் சங்கப் பிள்ளைகள் பதினாலு பேரைக் கூட்டிப் போனோம். அவர்களில் ஒருவன், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவருடைய மகன். எட்டாவதில் சயின்ஸில் தேறவில்லை. தமிழ் வீட்டில், ஹிந்தி தெருவில், மராத்தி வகுப்பில், பாவம், மூன்றுக்கும் நடுவில் வாயே திறக்காத பிள்ளை. அன்று எல்லோர் கையிலும் கம்பியும் ஊக்கும் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் மோட்டாரெல்லாம் தொட்டில் ஆடின. இவனுடையது சுற்றியது. எப்படி என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல், சுரண்டிய நுனியைக் காட்டினான். பிறகு தொட்டில் ஆடிய ஒவ்வொன்றையும் வாங்கி, பார்த்து, புதுக் கம்பியில் சரிசெய்து கொடுத்தான். திரும்பும்போது பஸ்ஸில் காடிதள் வரை பேசிக்கொண்டே வந்தான்.

அவன் அப்பா மறுவாரம் என்னிடம் வந்தார். "அண்ணே, அவனை நிறுத்திடலாம்னு இருந்தேன். படிப்பு ஏறல, வண்டியில நிக்கட்டும்னு. இப்ப என்னடான்னா மிக்ஸியப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கான். என்ன பண்றது?"

மிக்ஸியைத் திரும்பப் பூட்டத் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். அப்படியானால் நிறுத்த வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. பையன் பத்தாவதை இரண்டு தடவை எழுதித் தேறி, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தான். இப்போது மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். விஞ்ஞானியாகவில்லை. என் வீட்டு மிக்ஸி இரண்டு தடவை அவன் கைக்குப் போய் வந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வெட்கப்படும் விஷயம். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களை ஆயுகாவுக்கு அழைத்து, ஒரு வாரம் ஒரு விஞ்ஞானியோடு இருந்து ஒரு சிறு ஆராய்ச்சி செய்ய வைக்கும் ஏற்பாடு உண்டு. பள்ளிகள்தான் பெயர் அனுப்பும். 2011ல் என் மகளின் பெயரைப் பள்ளியில் சொன்னார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு குதித்துக்கொண்டே வந்தாள். அதே வாரத்தில் ஒரு கோச்சிங் வகுப்பின் விடுமுறைப் பிரிவு ஆரம்பம். முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. ஒரு வாரம் தவறினால் பாடம் போய்விடும், பணம் திரும்பாது என்று அங்கே சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு வாரம் நட்சத்திரம் பார்த்து என்ன ஆகப் போகுது? சீட் வாங்கு, அப்புறம் ஆயுசு பூரா பாரு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் சனிக்கிழமைச் சொற்பொழிவும் அந்த வருஷத்தோடு நின்றது. சனிக்கிழமை காலையில்தான் மாதிரித் தேர்வு.

சீட் கிடைத்தது. படித்தாள். வேலையும் கிடைத்தது, நல்ல சம்பளம். ஒரு குறையும் இல்லை. நாலைந்து வருஷங்களுக்கு முன் ஒரு நாள் இரவு, கரண்ட் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அந்த ஒரு வாரம் என்னை விட்டிருக்கலாம்" என்றாள். கோபமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பத்து வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

கோச்சிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இங்கே நிலபுலன் கிடையாது, சிபாரிசு கிடையாது. பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கைமுதல், அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வகுப்பில் தவறிய பாடத்தை அடுத்த வாரம் யாரிடமாவது நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளலாம். மற்றதை யாரிடம் போய் நோட்டு வாங்குவது?

இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். புனேயிலிருந்து நாசிக் சாலையில் நாராயண்காவ் போய், அங்கிருந்து கோடத். வயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது ரேடியோ தொலைநோக்கிகள். பதினாலு ஒரே இடத்தில் கூட்டமாக, மீதிப் பதினாறு மூன்று கைகளாகப் பிரிந்து கிராமங்களுக்குள் நீண்டு கிடக்கின்றன. கெட்டித் தகடு கிடையாது. அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான எவர்சில்வர் கம்பியில் பின்னிய வலையை, கயிறுபோல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பிடிக்கப் போகும் ரேடியோ அலைகள் நீளமானவை, அவற்றுக்கு வலையே கண்ணாடிபோல் வேலை செய்யும். காற்று உள்ளே புகுந்து போய்விடுவதால் பாரமான தாங்கு அமைப்பும் வேண்டாம், செலவும் குறைவு. அந்த இழுத்துக் கட்டிய வேலையைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் நான் வாயடைத்து நின்றேன். என் சர்வீஸில் அப்படி ஒரு சிக்கனமான டிசைனைப் பார்த்ததில்லை.

இதைக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். 2020ல் காலமானார். இவர் அதற்கு முன் கைவைத்த பெரிய வேலை நம் ஊட்டியில் இருக்கிறது. முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில், 1970ல் வேலை செய்யத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி. அந்தச் சரிவை ஏன் தேடிப் பிடித்தார்கள் தெரியுமா? ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை, மலையின் சாய்வும் அதே 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும், ஒரே அச்சில் திருப்பினால் வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருப்போம்! படகு விட்டோம், வர்க்கி வாங்கினோம். இதைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

கோடதிலும் விஞ்ஞான தினத்தையொட்டிப் பொதுமக்களை அனுமதிப்பார்கள். சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளின் பிள்ளைகள் தாங்கள் செய்த மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். செல்போனை அணைத்துவிட வேண்டும். வானத்து முணுமுணுப்பைக் கேட்கும் இடத்தில் நம் போன் கூச்சல் போட்டால் எப்படி?

குறையையும் மறைக்க வேண்டாம். விஞ்ஞான தினத்தில் கூட்டம் தாங்காது. வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும், பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு அது பிக்னிக்தான். விளக்கம் மராத்தி, ஹிந்தி, ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் இருக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும். வீட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' இதழை வரவழைத்தால், பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கிடைக்கும், தமிழ் எழுத்தும் மறக்காது. நார்லீகரின் மனைவி மங்களா நார்லீகர் கணித மேதை. அவர் தலைமை வகித்த குழு 2019ல் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், மராத்தியில் இருபத்தொன்றை 'ஏக்வீஸ்' என்று தலைகீழாகச் சொல்வது குழந்தைகளைக் குழப்புகிறது, 'வீஸ் ஏக்' என்றும் சொல்லலாம் என்று கொண்டுவந்ததும் பெரிய சர்ச்சை ஆயிற்று. நம் பிள்ளைகள் வீட்டில் 'இருபத்தொன்று' என்று சொல்லும்போது அந்தச் சௌகரியம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. தமிழில் எண்ணச் சொல்லிக் கொடுங்கள்.

இனி பஸ் விவரம். பிப்ரவரி 28க்கான ஆயுகா அறிவிப்பு வந்ததும் சங்கப் பலகையில் ஒட்டுவோம். நேரமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதைப் பார்த்துப் பெயர் கொடுக்கவும். காடிதளிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம், பாட்டிமார்களுக்குத் தனி இடம் உண்டு. புளியோதரை என் வீட்டுப் பொறுப்பு, தண்ணீர் அவரவர் கொண்டுவரவும். மொழிபெயர்க்க என் மகள் லீவு போட்டிருக்கிறாள். ரீவைண்டிங் கடைக்காரர் அரைக்கிலோ செம்புக் கம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊக்கு மட்டும் வேண்டும், வீட்டில் பெரியதாக இருந்தால் ஆளுக்கு இரண்டு எடுத்து வாருங்கள்.